பண்டிதரைப் போற்றும் முறை

சங்கரன்கோவில் என்னும் எங்கள் ஊரைப் பற்றிப் புராணக் கதை ஒன்று வழங்குகின்றது. சங்கன், பதுமன் என்று நாகர் தலைவர் இருவர் இருந்தனர். சங்கன் சிவபெருமானிடத்தும், பதுமன் திருமாலிடத்தும் பேரன்பு பூண்டவர்கள். 'என் இறைவனே பெரியவன்' என்று இருவரும் வழக்கிட்டனர். வழக்குத் தீரவில்லை. கோமதி அம்மையிடம் சென்று முறையிட்டனர். அம்மை தவம் இயற்றினாள். அத்தவத்துக்கு இரங்கி இறைவன் காட்சி தந்தபோது ஒரு பாதி சிவனாகவும் மறு பாதி திருமாலாகவும் விளங்கக் கண்டனர். அவ்வடிவமே சங்கரநாராயணர். ஆண்டுதோறும் நிகழும் ஆடித் தபசு விழா அந்தத் தவத்தின் நினைவாகும்.

மாணவ நண்பர்களே, புராணத்தை எவ்வாறு கொள்வது என்பது அவரவர் உள்ளத்தைப் பொறுத்தது. எனினும் இக்கதையில் மனித இயல்பு ஒன்று தெளிவாகத் தெரிகின்றது. ஒருவரிடத்தில் அன்பு வைத்தவர்கள், அவரைத் தமக்குப் பிடித்த பாதியளவே காண்கின்றார்கள். மறு பாதி கண்ணில் படுவதில்லை. பட்டாலும் அதை ஒதுக்கிவிடுகின்றார்கள். எங்கள் வட்டாரத்தில் பிறந்த இசைப் பேரறிஞர் ஒருவருக்கும் இந்நிலை நேர்ந்திருக்கின்றது. அவர்தாம் ஆபிரகாம் பண்டிதர்.

இன்றைய தென்காசி மாவட்டத்தில், சங்கரன்கோவிலுக்குத் தென்மேற்கே, சாம்பவர் வடகரை என்னும் ஊரில் 1859-ஆம் ஆண்டு ஆகஸ்டு 2-ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் முத்துசாமி, தாயார் அன்னம்மாள். அது கிறித்துவக் குடும்பம். 1919-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள் தஞ்சையில் மறைந்தார். அந்த அறுபது ஆண்டு வாழ்வில் ஆசிரியராகவும், மருத்துவராகவும், வேளாண்மையில் புதுமை கண்டவராகவும், இசை ஆராய்ச்சியாளராகவும் விளங்கினார்.

அவரைப் போற்றுவோர் இன்றும் பலர் உளர். ஆனால், அவர்கள் இரு சாராராகப் பிரிந்து நிற்பதை நான் பல ஆண்டுகளாகக் கண்டு வருகின்றேன். தமிழிசை அன்பர்கள் கூடும் மன்றங்களில் பண்டிதரின் பெயர் பெருமிதத்தோடு ஒலிக்கும். 'சிலப்பதிகாரத்தில் மறைந்து கிடந்த இசையிலக்கணத்தை உலகுக்கு எடுத்துக் காட்டியவர்' என்பார்கள். அவர் ஓர் உறுதியான கிறித்துவர் என்பதையும், ஆலயத்தில் பாடக் கீர்த்தனைகள் இயற்றினார் என்பதையும் அங்கே யாரும் பேசுவதில்லை. தேவாலயத்தைச் சார்ந்த அன்பர்களிடம் சென்றால், 'எங்கள் கீர்த்தனைக் கவிஞர், பக்தர்' என்று அன்போடு சொல்வார்கள். ஆனால், 'சுருதி எத்தனை?' என்னும் வினாவுக்காக அவர் வாழ்நாளையும் பொருளையும் செலவிட்டது அங்கே பெரும்பாலும் தெரிவதில்லை. சங்கனும் பதுமனும் இன்னும் வழக்காடுகின்றார்கள் என்றே எனக்குத் தோன்றும்.

இப்பிளவு நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க நாட்டுப் பாடகர் பாப் டிலன், நாட்டுப்புறப் பாடலையும் ராக் எனப்படும் மின்கருவி இசையையும் இணைத்துப் பெரும்புகழ் பெற்றவர். 1965-இல் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில் அவர் மின்கிட்டாரோடு மேடையேறினார்; கேட்டவருள் ஒரு சாரார் கூச்சலிட்டனர். 1979-இல் கிறித்துவ நம்பிக்கையைப் பாடும் இசைத்தட்டு ஒன்றை வெளியிட்டார்; அவ்வாண்டு நடந்த கச்சேரிகளில் பழைய பாடல்களை விடுத்துச் சமயப் பாடல்களையே பாடினார். இரசிகர்கள் மீண்டும் பிரிந்தனர். பாட்டை விரும்பியவர்கள் சமயத்தைக் கண்டு மனம் கசந்தனர். சமயத்தை விரும்பியவர்கள் அவரைத் தம் பக்கத்துச் சாட்சியாகக் கொண்டாடினர். 2016-இல் இலக்கியத்துக்கான நோபெல் பரிசு அவரை வந்தடைந்த பின்னும் அந்த வாதம் ஓயவில்லை. ஓர் இசைவாணரின் நம்பிக்கையை அவர்தம் கலையினின்று பிரித்துவிட முடியுமா என்பது எந்நாட்டு இரசிகரும் எதிர்கொள்ளும் வினாவாகும். பண்டிதரின் வாழ்க்கை அதற்கு ஒரு விடை தருகின்றது.

இளமையில் அவர் திண்டுக்கல் சென்று ஆசிரியப் பயிற்சி பெற்றார். அங்கேயே ஆசிரியப் பணியும் ஏற்றார். அங்கே சடையாண்டிப் பத்தர் என்பாரிடம் இசை பயின்றார். சுருளிமலையில் கருணானந்தர் என்னும் முனிவரைக் கண்டு, அவரிடம் மூலிகை மருத்துவத்தின் நுட்பங்களைக் கற்றார் என்று அவர் வரலாறு கூறுகின்றது. பின்னர்த் தஞ்சைக்குக் குடியேறினார். அவரும், அவர் துணைவியார் ஞானவடிவு பொன்னம்மாளும் அந்நகரில் பள்ளி ஆசிரியர்களாகப் பணியாற்றினர். சில ஆண்டுகளில் அப்பணியை விடுத்து முழுநேர மருத்துவரானார். அவர் செய்த மருந்துகள் கடல் கடந்தும் விலைபோயின. தஞ்சைக்கு அருகே ஒரு பெரும் பண்ணையை அமைத்தார். அப்பண்ணைக்கு அவர் இட்ட பெயரைக் கேளுங்கள்: கருணானந்தபுரம். கிறித்துவராகிய பண்டிதர், தமக்கு மருத்துவம் கற்பித்த மலை முனிவரின் பெயரைத் தம் பண்ணைக்குச் சூட்டினார். நன்றி மறவாத அவ்வுள்ளத்தில் சமய வேலி எழவில்லை.

இனி, அவர் வளர்ந்த இசைச் சூழலைக் காண்போம். எங்கள் வட்டாரம் நடந்துகொண்டே பாடிப் பழகிய வட்டாரம். சங்கரன்கோவிலுக்கு அருகிலுள்ள சென்னிகுளத்தில் பிறந்த அண்ணாமலை ரெட்டியார், கழுகுமலை முருகனைப் பாடிய காவடிச் சிந்து நாடறிந்தது. குற்றாலத்துக்கு அருகே மேலகரத்தில் வாழ்ந்த திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சியைத் தந்தார். சிந்தும் குறவஞ்சியும் ஏட்டறிவில்லாதவரும் கேட்டு மகிழும் வடிவங்கள். கிறித்துவப் புலவர்களும் இவ்வடிவங்களையே எடுத்தாண்டனர். 1774-இல் திருநெல்வேலியில் பிறந்து, தஞ்சையில் சுவார்ட்சு ஐயரிடம் பயின்ற வேதநாயக சாஸ்திரியார், பெத்தலகேம் குறவஞ்சி பாடினார். அவரும், பின்னாளில் தஞ்சை மன்னரான இரண்டாம் சரபோசியும் அந்த ஐயரிடம் பயின்ற மாணவர்கள்.

அக்காலத்துத் தேவாலயங்களில் ஐரோப்பிய மெட்டுகளில் அமைந்த ஞானப் பாட்டுகளும் பாடப்பட்டன. நம் இராகங்களிலும் தாளங்களிலும் அமைந்த கீர்த்தனைகளும் பாடப்பட்டன. மெட்டுக்காகத் தமிழ்ச் சொல்லை நெரித்தும் நீட்டியும் பாடும்போது பொருள் மறைந்துவிடும். நம் இராகத்தில் அமைந்த கீர்த்தனையில் சொல்லும் இசையும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும். 1853-இல் மதுரைப் பகுதியில் பணியாற்றிய எட்வர்டு வெப் என்னும் அமெரிக்கக் குருவானவர், தமிழ்க் கீர்த்தனைகளைத் தொகுத்து வெளியிட்டார். அதன்பின் அவை ஆலய வழிபாட்டில் உறுதியான இடம் பெற்றன. ஒரு தலைமுறைக்குப் பின் திண்டுக்கல்லில் இசை பயின்ற பண்டிதருக்கு இந்தக் கீர்த்தனை மரபு கைவந்த செல்வமாயிற்று. தாமும் கீர்த்தனைகள் இயற்றினார். தொடக்க நிலை மாணவர் பயில்வதற்குரிய கீதங்களையும் தமிழிலேயே செய்தார். தெலுங்கிலும் வடமொழியிலும் பொருள் தெரியாமல் நெட்டுருச் செய்து வந்த மாணவனுக்குத் தாய்மொழியில் பாடம் கிடைத்தது.

இவ்விடத்தில் அவர் நம்பிக்கை அவர் இசைக்குச் செய்த உதவி புலப்படும். இசை இறைவன் அருளிய கொடை என்பது அவருடைய துணிபு. இறைவன் படைப்பில் ஒழுங்கு உண்டு என்று நம்பியவர், இசையிலும் ஒழுங்கு இருந்தே தீரும் என்று எண்ணினார். ஆகவே, 'பெரியவர்கள் சொன்னார்கள்' என்பதோடு நிற்க அவர் மனம் இசையவில்லை. அளந்து பார்க்க முற்பட்டார்.

அவர் அளந்த பொருள் யாது? ச என்னும் சுரத்திலிருந்து மேல் ச வரை உள்ள இடைவெளியை ஒரு தாயி அல்லது மண்டிலம் என்பர். அதில் ஏழு சுரங்கள், பன்னிரண்டு சுரத்தானங்கள். இவற்றுக்கும் நுண்ணிய அலகு சுருதி. நாட்டிய சாத்திரமும், 13-ஆம் நூற்றாண்டில் சாரங்கதேவர் இயற்றிய சங்கீத ரத்நாகரமும் ஒரு மண்டிலத்தில் 22 சுருதிகள் என்று கூறின. அறிஞர் பெரும்பாலோர் அதனை ஒப்புக்கொண்டிருந்தனர். பண்டிதர் அதனை மறுத்தார். சுரத்தானங்கள் பன்னிரண்டும் சம அளவினவே. அவற்றை இரண்டிரண்டாகப் பகுத்தால் 24 சுருதிகள். இதுவே பழந்தமிழர் கண்ட முறை என்றார்.

இந்த வாதத்தை நீங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். 100 சென்டிமீட்டர் நீளமுள்ள தந்தி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஒலி ச ஆகுக. அதில் மூன்றில் இரண்டு பங்கு நீளத்தை, அதாவது 66.67 சென்டிமீட்டரை மீட்டினால் ப ஒலிக்கும். அந்த ப-வையே ச-வாகக் கொண்டு அதற்கு ஒரு ப காண்க. இவ்வாறு பன்னிரண்டு முறை சென்றால் எல்லாச் சுரத்தானங்களையும் சுற்றி மீண்டும் ச-வுக்கு வந்து சேரவேண்டும். உண்மையில் சேருகின்றதா? ஒன்றரையைப் பன்னிரண்டு முறை பெருக்கினால் கிடைப்பது ஏறத்தாழ 129.75. ஏழு மண்டிலம் ஏறிய ச-வுக்கு உரிய எண் 128. இரண்டும் ஒன்றவில்லை! 100 சென்டிமீட்டரில் முடியவேண்டிய வட்டம் 98.65-இல் நின்றுவிடுகின்றது. பித்தாகரசு என்னும் கிரேக்க அறிஞரின் பெயரால் வழங்கும் புகழ்பெற்ற இடைவெளி இதுவே.

வட்டம் மூடவேண்டுமானால் ஒவ்வொரு ப-வையும் மிகச் சிறிதளவு தாழ்த்தவேண்டும். மண்டிலத்தைப் பன்னிரண்டு சம படிகளாக்கினால், ப 66.67-க்குப் பதிலாக 66.74 சென்டிமீட்டரில் அமையும். வேறுபாடு ஒரு மில்லிமீட்டரிலும் குறைவு. அச்சிறு விட்டுக்கொடுத்தலால் பன்னிரண்டு சுரங்களும் ஒழுங்கான வட்டமாகின்றன. எந்தச் சுரத்தையும் ச-வாகக் கொண்டு புதிய பண்ணைப் பிறப்பிக்க இயலுகின்றது. மேலைநாட்டுப் பியானோவும் இன்று இச்சம அளவிலேயே சுருதி கூட்டப்படுகின்றது. சிலப்பதிகாரமும் அதன் உரைகளும் கூறும் வட்டப்பாலை முறையில் இந்தச் சம வட்டமே குறிக்கப்பட்டது என்று பண்டிதர் கொண்டார்.

அவர் சான்று தேடிய இடங்களுள் ஒன்று என் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்தது. அது ஆய்ச்சியர் குரவை. மதுரைப் புறஞ்சேரியில் தீய நிமித்தங்கள் கண்ட இடைக்குல முதுமகள் மாதரி, கன்னியர் எழுவரை வட்டமாக நிறுத்துகின்றாள். அவர்களுக்குக் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என ஏழிசைகளின் பெயர்களைச் சூட்டுகின்றாள். அவர்கள் கைகோத்துத் திருமாலைப் பாடி ஆடுகின்றார்கள். நாட்டு மக்களின் ஆடலுக்குள் நுண்ணிய இசையிலக்கணம் ஒளிந்திருந்தது. மாடு மேய்ப்போர் பாட்டுத்தானே என்று பண்டிதர் அதனை எளிதாக எண்ணவில்லை. திருமாலைப் போற்றும் பாட்டாயிற்றே என்று கிறித்துவராகிய அவர் ஒதுங்கவும் இல்லை. தம் நம்பிக்கையில் உறுதியாக நின்றவருக்குப் பிறர் வழிபாட்டில் உள்ள அறிவைக் கற்பதில் அச்சம் ஏற்படவில்லை. அவர் சமயத்தை மறைத்துவிட்டு இசையை மட்டும் போற்றுவோரும், இசையை விட்டுச் சமயத்தை மட்டும் போற்றுவோரும் இழந்துவிடும் செய்தி இதுதான்.

தம் கொள்கையை அறிஞர் அவையில் வைத்து வாதிடவும் அவர் தயங்கவில்லை. 1912-இல் தஞ்சையில் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை நிறுவினார். அவ்வாண்டு மே 27-ஆம் நாள் முதல் மாநாடு கூடியது. தொடர்ந்து வேறு மாநாடுகளும் நிகழ்ந்தன. மருந்து விற்று ஈட்டிய தம் சொந்தப் பொருளைக் கொண்டே இவற்றை நடத்தினார். 1916-இல் பரோடா மன்னர் ஆதரவில் அனைத்திந்திய இசை மாநாடு கூடியபோது, அங்கும் சென்று தம் கொள்கையை எடுத்துரைத்தார். தம் குடும்பப் பெண்மணிகளை வீணை வாசிக்கச் செய்து அதனை இசையாகவும் காட்டினார். பெண்கள் அவையேறிப் பாடுவதையே பலர் ஏற்காத காலம் அது என்பதை நினைவிற் கொள்ளவேண்டும். 1917-இல் ஆயிரம் பக்கங்களைக் கடந்த 'கருணாமிர்த சாகரம்' வெளிவந்தது. அவர் விட்டுச் சென்ற இரண்டாம் பகுதி 1946-இல் அச்சேறியது.

அவர் கூற்றுகள் யாவும் நிலைபெற்றனவா? இல்லை. 22 சுருதிக் கொள்கையினர் அவர் முடிவை ஏற்கவில்லை. பாடகர் கமகத்தோடு பாடும்போது சுரம் ஓரிடத்தில் நிலையாக நிற்பதில்லை; ஆகவே எந்தச் சம அளவும் நம் பாட்டை முற்ற விளக்காது என்பது வலிமையான மறுப்பாகும். பழந்தமிழரின் முதற் பாலையாகிய செம்பாலையைப் பண்டிதர் சங்கராபரணம் என்று கொண்டார். 'யாழ் நூல்' இயற்றி 1947-இல் அரங்கேற்றிய ஈழத்து விபுலானந்த அடிகளும், சிலப்பதிகார இசையை ஆராய்ந்த எஸ். இராமநாதனும் அது அரிகாம்போதியே என்றனர். பின்வந்த ஆய்வாளர் பலரும் இதனையே தழுவினர்.

இவ்வாறு மறுத்ததனால் அவர்கள் பண்டிதரை இகழ்ந்தார்களா? இல்லை, அவர் இட்ட பாதையிலேயே மேலும் நடந்தார்கள். பாலை என்பதும் பண் என்பதும் வெறுஞ்சொற்கள் அல்ல, இசைத்துக் காட்டக்கூடிய உண்மைகள் என்று முதலில் உரத்துச் சொன்னவர் பண்டிதர். அவர் அவ்வாறு சொல்லாதிருந்தால் மறுப்பதற்கும் பொருள் இருந்திராது. 'தமிழிசைக் கலைக்களஞ்சியம்' தொகுத்த வீ. ப. கா. சுந்தரம் போன்றோரின் உழைப்பும் இவ்வழியில் விளைந்ததே. விபுலானந்தர் இராமகிருஷ்ண சங்கத்துத் துறவி. பண்டிதர் கிறித்துவ இல்லறத்தார். ஒருவர் யாழைக் கையில் எடுத்த இடம், மற்றவர் வீணையை வைத்துச் சென்ற இடம்.

இரசிகர் என்னும் சொல் இன்று மலிந்துவிட்டது. ஒரு கலைஞரின் படத்துக்கு மாலையிடுவதும், அவரைக் குறை கூறியவரோடு சண்டையிடுவதும் இரசனை எனப்படுகின்றன. மாணவர்களாகிய உங்களுக்கு நான் வேறு வழி ஒன்றைச் சொல்ல விரும்புகின்றேன். ஒரு பலகையில் ஒரு மீட்டர் தந்தியைக் கட்டி, நான் மேலே சொன்ன அளவுகளில் விரல் வைத்து மீட்டிக் கேளுங்கள். 66.67 என்னும் இடத்துக்கும் 66.74 என்னும் இடத்துக்கும் உள்ள வேறுபாடு உங்கள் செவிக்குத் தெரிகின்றதா என்று பாருங்கள். இந்துவாயினும் இசுலாமியராயினும், ஒரு ஞாயிறன்று தேவாலயத்தின் புறத்தே நின்று கீர்த்தனை எந்த இராகத்தில் எழுகின்றது என்று கேளுங்கள். கிறித்துவ மாணவர்கள் ஆய்ச்சியர் குரவையை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். பின்னர் நூலகத்துக்குச் சென்று 'கருணாமிர்த சாகரத்தை' எடுத்து, ஒரு பக்கத்தையேனும் கணக்குப் போட்டுச் சரிபாருங்கள். சரியென்று கண்டாலும், பிழையென்று கண்டாலும், அந்தப் பக்கத்தை எழுதியவர் மகிழ்ந்திருப்பார். ஊரூராக அறிஞரை அழைத்து, வழிச்செலவும் கொடுத்து, 'என் முடிவைச் சோதியுங்கள்' என்று வேண்டியவர் அவர்.